செயற்கைக்கோள் தரவு மட்டும் போதாது

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கப் பழங்குடியினருக்குச் செயற்கைக்கோள் தரவே போதும், அவர்களிடம் இருப்பது வெறும் அனுபவக் கதைகள்தான் என்று இங்கே ஒரு நண்பர் எழுதியிருப்பது சரியன்று.

கடற்பனியை, அதாவது கடல்நீர் உறைந்து உருவாகும் பனிப்படலத்தை எடுத்துக்கொள்வோம். 1970களின் இறுதியிலிருந்து தொடரும் நுண்ணலைச் செயற்கைக்கோள் பதிவுகள் பெரும்பாலும் ஒரு பக்கம் 25 கிலோமீட்டர் நீளமுள்ள கட்டங்களாகத் தரப்படுகின்றன. ஆர்க்டிக் பனி நீண்ட காலப் போக்கில் சுருங்குவதைக் காட்ட அவை இன்றியமையாதவை. இதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் சறுக்குவண்டியில் செல்லும், ஆர்க்டிக் பழங்குடியினரான இனுவிட் வேட்டைக்காரருக்குத் தேவைப்படுவது அடுத்த சில மீட்டரில் பனி எவ்வளவு தடிமன் என்ற தகவல். நீரோட்டம் வலுவாக உள்ள குறுகிய நீரிணைகளில் பனி அடியிலிருந்தே தேயும். மேலே படியும் வெண்பனியோ போர்வையைப் போலக் குளிரைத் தடுத்து, பனி தடிமனாவதைத் தாமதப்படுத்துவதோடு அந்த மெலிவையும் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

இதனால்தான் கனடாவின் லாப்ரடார் கடற்கரையிலுள்ள நெய்ன் ஊரில் தொடங்கிய ஸ்மார்ட்ஐஸ் திட்டத்தில், பனி ஊர்தி இழுத்துச் செல்லும் சறுக்குவண்டியிலேயே மின்காந்த உணரியைப் பொருத்தித் தடிமனை அளக்கிறார்கள். எந்த வழித்தடத்தை அளக்க வேண்டும் என்பதை அங்குப் பயணம் செய்து பழகியவர்களின் அறிவே காட்டுகிறது. கருவியை ஓட்டுவோரும் உள்ளூர்க்காரர்களே. 'வெறும் கதை' என்று நண்பர் ஒதுக்குவது, உண்மையில் அளவீட்டின் முதல் படி.

தரவு யாருக்குச் சொந்தம் என்பதும் இதில் அடங்கும். இனுவிட் மக்கள் பனி நிலையையும் வேட்டையில் கண்டவற்றையும் பதிவிட்டுப் பகிர்வதற்காக 2019-இல் வெளியான சிகு என்ற கைப்பேசிச் செயலியில், பதிவிடும் வேட்டைக்காரருக்கே தம் தரவின் மீது உரிமை உண்டு.