‘பணம்தான் குற்றவாளி’ என்று சுற்றும் செய்தி சரியல்ல

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் வாட்சாப் குழுக்களில் இந்த வாரம் ஒரு செய்தி சுற்றுகிறது: “பணம் இல்லாத காலத்தில் குற்றமே இல்லை. மனிதனைக் கெடுத்தது பணம்தான். வள்ளுவரும் அதைத்தான் சொன்னார்.” இதில் எதுவும் சரியில்லை.

முதலில் வள்ளுவர். ‘பொருள் செயல்வகை’ என்று 76ஆவது அதிகாரம் முழுவதையும் பொருள் தேடுவதற்கே ஒதுக்கியவர் அவர். தீதின்றி வந்த பொருள் அறமும் தரும், இன்பமும் தரும் என்கிறது 754ஆம் குறள். வந்த வழியைத்தான் பார்க்கச் சொல்கிறார்.

அப்புறம் அந்தப் ‘பணம் இல்லாத காலம்’. ஜப்பான்காரன் ஆட்சியில் நம் தாத்தா பாட்டிகள் ஏறக்குறைய அதைப் பார்த்துவிட்டார்கள். வாழைமரம் போட்ட நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்து, 1945இல் வெறும் காகிதமானது. குற்றம் குறைந்ததா? அரிசியைப் பதுக்கினார்கள், கள்ளச் சந்தையில் விற்றார்கள். தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்ச் சாகவிட்டார்கள். அதிகாரமும் போரும் செய்த கொடுமை அது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கூட்டுப் பணத்தோடு, அதாவது பலர் சேர்ந்து போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டுப் பணத்தோடு, ஒருவர் காணாமல் போன பிறகுதான் இந்தச் செய்தி பரவியது. “பாவம், பணம் அவரைக் கெடுத்துவிட்டது” என்கிறார்கள். அதே கூட்டில் பணம் எடுத்த ஓர் அக்கா, பால்மரம் (ரப்பர் மரம்) சீவிவிட்டு வந்த கையோடு மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினார். கூட்டு நடத்தும் தொழிலை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஏமாந்தவர்கள் கூச்சப்படாமல் போலீஸில் புகார் செய்யுங்கள்.