டம்டம் என்றொரு ஊர்

கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் பகுதியை ஊர்க்காரர்கள் இன்றும் டம்டம் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே இறங்கிய முதல் நாளில், சின்ன வயதில் எங்கோ படித்த ‘டம்டம் குண்டு’தான் என் நினைவுக்கு வந்தது. அதே ஊர்தான்.

1895இல் சித்ரால் (இன்றைய பாகிஸ்தானின் வடக்கிலுள்ள மலைப்பகுதி) படையெடுப்பு முடிந்ததும் பிரிட்டிஷ் படையில் ஒரு புகார் எழுந்தது. லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியின் புதிய ஒல்லிக் குண்டு உடலில் சிறு துளையிட்டு மறுபக்கம் போய்விடுகிறது, அடிபட்டவன் விழாமல் ஓடி வருகிறான் என்று. டம்டம் ஆயுதச் சாலையிலிருந்த கேப்டன் நெவில் பெர்ட்டி-க்ளே அதற்கு வழி கண்டுபிடித்தார். குண்டை மூடியிருந்த உலோக உறையை நுனியில் மட்டும் நீக்கிவிட்டார். உள்ளே இருக்கும் ஈயம் மிருதுவானது. உடலுக்குள் நுழைந்ததும் நசுங்கி விரியும். எலும்பை நொறுக்கும், சதையைக் கிழிக்கும். 1897-98இல் வடமேற்கு எல்லையின் திரா மலைகளில் அப்ரிதிகள் என்ற பழங்குடியினர் மீது இதைச் சுட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். 1899இல், போர் விதிகளைப் பேச நெதர்லாந்தில் பல நாடுகள் கூடிய ஹேக் மாநாட்டில் விரியும் குண்டுகளைத் தடை செய்யும் பேச்சு வந்தது. பிரிட்டன் எதிர்த்தது, அமெரிக்காவும் எதிர்த்தது. பிரிட்டன் தரப்பில் பேசிய ஜெனரல் ஜான் அர்டா சொன்ன காரணத்தைப் பாருங்கள்: நாகரிக மனிதன் அடிபட்டால் மருத்துவ உதவி தேடிப் பின்வாங்குவான், காட்டுமிராண்டி ஈட்டியோடு ஓடி வந்துகொண்டேதான் இருப்பான். அதாவது, வலிகூட ஆளுக்கு ஆள் வேறு என்று ஓர் உலக மாநாட்டில் எழுந்து நின்று வாதாடினார்கள். தடை நிறைவேறியது. ஆனால் அதுவும் கையெழுத்திட்ட நாடுகள் தங்களுக்குள் போரிடும்போது மட்டும்தான் செல்லும். அப்ரிதிகளுக்கு அந்த மேசையில் ஏது நாற்காலி?

அதே ஆண்டு அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் தொடங்கியது. எதிரே நின்ற போயர்கள், டச்சு வம்சாவளி வெள்ளையர்கள். அங்கே பழைய முழு உறைக் குண்டுதான் என்று பிரிட்டன் முடிவெடுத்தது. விரியும் குண்டில் தொழில்நுட்பக் கோளாறும் இருந்தது, உண்மைதான். ஆனாலும் அது மட்டுமே காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பிரிட்டன் அந்தத் தடையை ஏற்றது 1907இல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1857 ஜனவரியில் என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு சிப்பாய்களிடையே கிளம்பியதும் இதே டம்டமில்தான். அந்த ஊரைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல இந்தக் கதை இருக்கிறது. உலக அகராதிகளில் அந்தப் பெயருக்கு நேரே இருப்பதோ, ஒரு பிரிட்டிஷ் அதிகாரி செய்த குண்டு.