கல்லறைச் சுவரில் ஒரு நாய்

தொலைதூரத் தீவு, ஓயாத காற்று, ஆளற்ற வெளியில் நிற்கும் பழங்காலக் கற்கள். இவை போதும், எழுத்து தானாகப் பொங்கி வரும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் சாய்ந்து நின்ற ஒரு கல்லைப் பார்த்து ‘மௌன சாட்சியே’ என்று விளித்துக் கவிதை எழுதியவன்தான். அந்த நோட்டு எங்கே என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

கல்லிடம் உள்ள ஆபத்தே அது மறுத்துப் பேசாததுதான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் இருக்கும் பிராட்கர் கல்வட்டம் 104 மீட்டர் விட்டம் கொண்டது. அதை எழுப்பியவர்கள் ஓர் எழுத்தைக்கூட விட்டுச் செல்லவில்லை. அதனால் நாம் எதைச் சொன்னாலும் அது ஏற்றுக்கொள்ளும். முதுமை, காலம், நிலையாமை என்று எழுதித் தள்ளுகிறோம்.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் மேஸ்ஹவ் என்ற கல்லறை இருக்கிறது. வயது ஏறத்தாழ 5,000 ஆண்டு. குளிர்காலத்தின் மிகக் குறுகிய நாட்களில் மறையும் சூரியனின் ஒளி, அதன் நீண்ட நுழைவழியைக் கடந்து பின்சுவரில் விழும். அந்த ஒளியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். என்னை இழுப்பது அதே கல்லறையின் சுவரில் உள்ள கிறுக்கல்கள். 12-ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவிய வழிவந்த நார்ஸ்காரர்கள் உள்ளே புகுந்து, ரூன் என்ற தங்கள் பழைய எழுத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வாசகங்களைக் கீறிவிட்டுப் போனார்கள். மேலைக் கடலில் தன்னைவிட ரூன் எழுதத் தெரிந்தவன் இல்லை என்று பீற்றுகிறான் ஒருவன். இன்னொருவன் எட்டாத உயரத்தில் கீறிவிட்டு, உயரத்தில் கீறினேன் என்பதையே செய்தியாக எழுதியிருக்கிறான். இங்கிகெர்த் என்ற பெண்தான் பெண்களிலேயே பேரழகி என்கிறது ஒரு வாசகம். அதன் பக்கத்திலேயே வாயில் எச்சில் ஒழுகும் ஒரு நாயின் படம்! பள்ளி பெஞ்சில் காம்பஸ் முனையால் பெயர் கீறிய எல்லோருக்கும் இவர்கள் உறவுக்காரர்கள்.

எழுத்தாளனுக்குத் தீனி இங்கேதான் இருக்கிறது. 1850-இல் ஒரு புயல் மணலை வாரிக்கொண்டு போனதால் வெளிப்பட்ட, ஆர்க்னியிலேயே உள்ள ஸ்காரா பிரே என்ற கற்காலக் குடியிருப்பும் அப்படித்தான். அந்தத் தீவுகளில் மரம் அரிது. அதனால் படுக்கை, அலமாரி எல்லாவற்றையும் கல்லிலேயே அமைத்தார்கள். அதனாலேயே அவை இன்றும் இருக்கின்றன. வாசலுக்கு நேர் எதிரே கல் அலமாரி. வருகிறவர் கண்ணில் முதலில் அது பட வேண்டும் என்று நினைத்த ஒரு வீட்டுக்காரி என் மனதில் உடனே வந்து நின்றுவிடுகிறாள். வட்டமாக நிற்கும் கற்களைப் பார்த்து எனக்கு அப்படி யாரும் வந்ததில்லை.

‘ஜார்ஜ் ஆர்வெல் தீவுக்குப் போய்த்தானே எழுதினார்?’ என்று கேட்பீர்கள். உண்மைதான். 1946 முதல் 1948 வரை ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் ஒரு பண்ணை வீட்டில்தான் அவர் தன் கடைசி நாவலான ‘1984’-ஐ எழுதினார். ஆனால் 1949-இல் வெளியான அந்த நாவல் நடப்பது லண்டனில். தீவு அவருக்குக் கொடுத்தது தனிமை. கதை அவரோடு நகரத்திலிருந்து போனது.

ஆர்க்னியின் எழுத்தாளர் ஜார்ஜ் மக்கே பிரவுன் வேறு வகை. 1921-இல் அங்குள்ள ஸ்ட்ராம்னஸில் பிறந்தார், 1996-இல் இறந்தார். இடையில் படிப்புக்காகச் சில ஆண்டுகள் வெளியே இருந்ததைத் தவிர, பெரும்பாலும் அதே சிற்றூர்தான். மீனவர்களையும் உழவர்களையும் எழுதினார், உள்ளூர்ப் பத்திரிகையில் வாராவாரம் பத்தி எழுதினார். அயர்லாந்தின் பிளாஸ்கெட் தீவில் தோமாஸ் ஓ க்ரிஹன் என்ற மீனவர் தன் வாழ்க்கையை எழுதி 1929-இல் புத்தகமாக்கினார். 1953-இல் அங்கே எஞ்சியிருந்தவர்களையும் அரசு கரைக்குக் குடிபெயர்த்துவிட்டது. இருவருக்கும் தீவு காட்சி அல்ல, பிழைப்பு நடந்த இடம்.

ஒரு வாரம் தங்கிவிட்டு வந்து எழுதுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. (கொஞ்சம் சொல்கிறேன்.) மூடுபனியை இரண்டு வரியில் முடித்துவிட்டு, படகுக்காரர் எதற்காக அன்று சிடுசிடுத்தார் என்று எழுதினால் நான் ஆர்வமாகப் படிப்பேன்.

எனக்கு என்றாவது மேஸ்ஹவுக்குள் குனிந்து நுழையும் வாய்ப்புக் கிடைத்தால், பின்சுவர் ஒளியை மற்றவர்கள் பார்க்கட்டும். நான் முதலில் அந்த நாயைத் தேடுவேன். அதை வரைந்தவனும் இங்கிகெர்த்தைப் புகழ்ந்தவனும் ஒரே ஆள்தானா, அல்லது பக்கத்தில் நின்ற நண்பன் கேலிக்கு வரைந்ததா?