இனிப்புச் சோளம் ஆய்வகத்தில் பிறந்த ஒரே ரகமா?

"எத்தனால் எடுக்கவென்றே ஆய்வகத்தில் மரபணு மாற்றி உருவாக்கியது இனிப்புச் சோளம், எல்லா விதையும் ஒரே மரபுதான்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

முதலில், இது ஸ்வீட் கார்ன் இல்லை. அது மக்காச்சோளம். இது நாம் தானியமாகச் சாப்பிடும் சோளத்தின் அதே இனம். சர்க்கரை கதிரில் அல்ல, தட்டையின், அதாவது தண்டின், சாற்றில் இருக்கிறது. எத்தனால் பேச்சு வருவதற்கு வெகு முன்பே, 1850களில், ஆப்பிரிக்காவிலிருந்தும் சீனாவிலிருந்தும் அமெரிக்காவுக்குப் போய் பாகு காய்ச்சப் பயன்பட்ட பயிர் இது.

சரி, ஒரே மரபா? சோளத்தை பைகலர், கினியா, காடேட்டம், காஃபிர், துர்ரா என ஐந்து பிரிவுகளாகப் பிரிப்பார்கள். டிஎன்ஏ ஒப்பீடுகளில் இனிப்பு ரகங்கள் ஒரே கிளையில் சேரவில்லை. பல கிளைகளில் சிதறிக் கிடக்கின்றன. அதாவது இனிப்புக்கான தேர்வு ஒரு முறை மட்டும் நடக்கவில்லை.

வயலிலேயே ஒரு வித்தியாசத்தைப் பார்க்கலாம். இலையின் நடுநரம்பு பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் தட்டை பெரும்பாலும் சக்கைதான். மங்கிய பச்சையாக இருந்தால் சாறு உண்டு. இதன் பின்னால் இருப்பது 6-வது குரோமோசோமிலுள்ள ஒரு மரபணு. ஆனால் சாறு வேறு, இனிப்பு வேறு. சர்க்கரை அளவை நிர்ணயிப்பவை பல மரபணுக்கள்.

ஹைதராபாத் அருகே பதன்செருவில் உள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டின் மரபணு வங்கியில் (விதைச் சேமிப்பகத்தில்) மட்டும் 40,000-க்கும் மேற்பட்ட சோள மாதிரிகள் இருக்கின்றன. எல்லாம் ஒன்றுதான் என்றால் இத்தனையை எதற்குச் சேமிக்கிறார்களாம்?