கேபிள் திருட்டுக்கு மந்தநிலை மட்டும் காரணமில்லை, கேபிளுக்குள் இருக்கும் செம்பின் விலையையும் பாருங்கள்

"2008-இல் பொருளாதாரம் சரிந்தது, வேலை போனவர்கள் கேபிள் திருடப் போய்க் கருகினார்கள், அவ்வளவுதான்" என்று பிரிட்டனைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது.

2008 நடுவில் டன்னுக்கு 8,000 டாலருக்கு மேல் விற்ற செம்பு, மந்தநிலை முற்றிய அந்த ஆண்டு முடிவில் 3,000 டாலர் அளவுக்கு விழுந்தது. 2011 தொடக்கத்தில் 10,000 டாலரைத் தாண்டியது. பிரிட்டன் ரயில்வேயில் கேபிள் திருட்டு இந்த விலையைத்தான் பின்தொடர்ந்தது. வேலையின்மையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்த ஆய்விலும் அந்தத் தொடர்பு மறையவில்லை. அதனால்தான் 2012 டிசம்பரில் இங்கிலாந்து, வேல்ஸில் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதையே தடை செய்தார்கள். கஷ்டத்துக்குப் பங்கில்லை என்று சொல்லவில்லை. விலை ஏறும்போது அந்த ஆபத்தில் கைவைக்கத் துணிவது யார் என்பதில் அதற்கு நிச்சயம் பங்கு உண்டு.

அப்புறம், "கருகுபவன் திருடன்தானே" என்ற பதிலும் தவறு. துணை மின்நிலையத்தில் அடிக்கடி திருடு போவது, கசியும் மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கிவிடும் எர்த் கம்பி. அது போன பிறகு மறுநாள் வேலைக்கு வரும் ஊழியர் தொடும் இரும்புச் சட்டத்திலேயே மின்சாரம் இருக்கலாம்.

"சின்னக் காயம்தான்" என்றும் ஒருவர் சொல்கிறார். உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தால் தோலில் தெரிவது கொஞ்சம். உள்ளே தசை வெந்திருக்கும். சிதைந்த தசையிலிருந்து வரும் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கையையே எடுக்க வேண்டியும் வரும்.