டிங்கோ சிங் பற்றி வலம் வரும் செய்தி: எது உண்மை?

“ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் வென்ற ராணுவ வீரர் டிங்கோ சிங் கொரோனாவுக்குப் பலியானார்” என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

மணிப்பூரைச் சேர்ந்த டிங்கோ சிங் பணியாற்றியது இந்தியக் கடற்படையில். அவருடைய பெரும் வெற்றி, 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியின் 54 கிலோ பிரிவில் பெற்ற தங்கம். இறுதிச்சுற்றில் அவருடன் மோதிய உஸ்பெகிஸ்தானின் தைமூர் துல்யகோவ் நான்காம் சுற்றுக்குப் பின் ஆட்டத்தைத் தொடர முடியாமல் விலகினார்; 1982-இல் கௌர் சிங் வென்றதற்குப் பிறகு, 16 ஆண்டுகள் கழித்து இந்தியக் குத்துச்சண்டைக்குக் கிடைத்த ஆசியத் தங்கம் அது. அதுவே போதுமான பெருமை; இல்லாத பதக்கத்தை அவர் கழுத்தில் மாட்ட வேண்டியதில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அவர் களமிறங்கியும் பதக்கம் பெறவில்லை. குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் 2008-இல் விஜேந்தர் சிங் வென்ற வெண்கலம் என்பதை ஒலிம்பிக் அமைப்பின் இணையதள முடிவுப் பட்டியலிலேயே பார்க்கலாம்.

2020-இல் அவருக்குக் கொரோனா தொற்றியது உண்மை. ஆனால் அதிலிருந்து மீண்டார். நெடுநாள் போராடிய கல்லீரல் புற்றுநோயால்தான் 2021 ஜூன் 10 அன்று காலமானார். அப்போது வெளியான செய்திகளில் இது பதிவாகியுள்ளது.

களத்தை விட்டபின் இம்பாலில் இளையோருக்குப் பயிற்சியளித்தவர் அவர். தமக்கு ஊக்கம் தந்தவர் என மேரி கோமே அவரைக் குறிப்பிட்டுள்ளார். இந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இவ்விளக்கத்தைத் தெரிவியுங்கள்.