கரண்ட்காரர் வீடுகளின் கதையை யார் எழுதி வைப்பது?

மின்வாரிய ஓய்வூதியர் ஒருவர் மறைந்தால் வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கிறது. பெயர், கடைசியாக வகித்த பதவி, ஓய்வு பெற்ற பிரிவு அலுவலகம், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதோடு அது முடிந்துவிடும். மறைந்தவர் ஓய்வூதியரின் மனைவியாக இருந்தால் சில நேரங்களில் அவருடைய பெயர்கூட இருக்காது. இன்னாரின் துணைவியார், குடும்ப ஓய்வூதியர் என்று மட்டும் இருக்கும். இரங்கல் தெரிவிப்பவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எண்பது வயதிலும் மாலையோடு பஸ் ஏறி வந்து கடைசி வரை நிற்பவர்கள் அவர்கள்தான். ஆனால் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு வட்டாரத்துக்கே வெளிச்சமும் தண்ணீரும் கிடைக்க உழைத்தவரின் வாழ்க்கை நான்கு வரியில் அடங்கிப்போவதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்த லைனை இழுத்தார்கள், எந்த ஊருக்கு முதல் டிரான்ஸ்ஃபார்மரை ஏற்றினார்கள், அந்த ஆண்டுகளில் அவர்கள் வீடு எப்படி நடந்தது என்பதையெல்லாம் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கொங்கு நாட்டின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது மில் முதலாளிகளின் துணிவையும் விவசாயிகளின் உழைப்பையும் சொல்கிறோம், இரண்டும் உண்மைதான். ஆனால் கோவையில் நூற்பாலைகள் பெருகியது 1932இல் நீலகிரி மலையின் பைகாரா மின்சாரம் வந்த பிறகுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்திலிருந்து குழாய்களில் இறங்கும் தண்ணீர் சிங்காராவில் சக்கரத்தைச் சுற்றியது. அங்கிருந்து காட்டையும் மலையையும் தாண்டிச் சமவெளிக்கு லைன் வந்தது. 1937இல் மேட்டூர், 1952இல் மோயாறு, 1960களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியோடு குந்தா, பிறகு பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் மின் நிலையங்கள், 1980களின் இறுதியில் மலைக்குள் குடைந்து அமைத்த காடம்பாறை என்று நம்மைச் சுற்றியுள்ள மலைகளெல்லாம் மின்சாரம் தந்தன. இந்த ஆண்டுகளெல்லாம் பாடப்புத்தகத்திலும் கல்வெட்டிலும் இருக்கின்றன. கல்வெட்டுகளில் திறந்து வைத்தவரின் பெயரைப் படிக்கலாம். அந்தக் குழாய்களைத் தூக்கிப் பொருத்தியவர்களின் பெயர்களை நான் எங்கும் படித்ததில்லை.

சிங்காரா மின் நிலையத்துக்குப் போக, மலை மேலுள்ள கிளென்மார்கனிலிருந்து தண்டவாளத்தில் இறங்கும் விஞ்ச் ஒன்று இருக்கிறது. செங்குத்தான சரிவில் கம்பி வடத்தை நம்பி இறங்கி வேலைக்குப் போய், ஷிப்ட் முடிந்து அதே வழியில் ஏறி வந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கெத்தை, பரளி, பில்லூர், மோயாறு போன்ற முகாம்களில் குடும்பத்தோடு வாழ்ந்தவர்கள் ஓய்வுக்குப் பிறகு மேட்டுப்பாளையத்திலும் கோவையின் புறநகரிலும் சிறிய வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். அவர்களிடம் பேசினால் முதலில் யானைக் கதை வரும். சற்று நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தால், நடு இரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கியதும், மேல் வகுப்புப் படிப்புக்காகப் பிள்ளைகளைச் சமவெளியில் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு மாதம் ஒருமுறை பார்த்ததும் வெளியே வரும். அந்தப் பிரிவின் கணக்கை எந்த மின் நிலையத்தின் செலவுப் பட்டியலிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

என் அப்பா மலைக்குப் போனதில்லை. அவிநாசிக்கும் நம்பியூருக்கும் நடுவே உள்ள கிராமங்களில் 1960களின் இறுதியில் ஹெல்பராகச் சேர்ந்து, ஒயர்மேனாகி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றார். அந்தப் பக்கமெல்லாம் கிணற்றுப் பாசனம். மாடு பூட்டிக் கவலையில் (கிணற்றுத் தண்ணீரைத் தோல் பையால் மேலே இழுக்கும் முறை) இறைத்துக்கொண்டிருந்த தோட்டங்களுக்கு ஐந்து குதிரைத்திறன் மோட்டார் வந்தபோது, மாடுகளுக்கும் மனிதர்களுக்கும் முதுகு நிமிர்ந்தது. விடிவதற்கு முன் தொடங்கி ஓர் ஏக்கருக்குப் பாதி நனைந்த இடத்தில், சுவிட்சைப் போட்டால் வாய்க்கால் நிறைந்தது. கம்பம் நடக் குழி பறித்து, கம்பியை இழுத்துக் கட்டி, தோட்டத்து மோட்டார் அறையில் முதன்முதலாக சப்ளை கொடுத்த அன்றைக்கு, தோட்டத்துக்காரர் வீட்டில் வேலையாட்கள் எல்லோருக்கும் இலை போட்டுச் சோறு போடுவது வழக்கமாக இருந்ததாக அப்பா சொல்வார். கிணறு எத்தனை அடி, எந்த மடையில் முதல் தண்ணீர் பாய்ந்தது என்பதுவரை அவருக்கு நினைவிருந்தது.

எங்கள் வீட்டின் இன்னொரு பாதியைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவை எழுதியே பயனில்லை. தொலைபேசி அரிதாக இருந்த காலத்தில் ஃபியூஸ் போனாலும், கம்பி அறுந்தாலும், மோட்டார் ஓடாவிட்டாலும் ஆட்கள் நேராகக் கரண்ட்காரர் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அப்பா பெரும்பாலும் வேறொரு கம்பத்தின் மேல் இருப்பார். கதவைத் திறந்து பதில் சொன்னவர் அம்மா. "ஏனுங்கம்மிணி, அவிய வந்துட்டாங்களா? நேத்துப் பொழுதோட நின்ன மோட்டாருங்க, வெங்காயமெல்லாம் காயுதுங்" என்று சைக்கிளைத் தாங்கியபடி நிற்பவரிடம், எந்தத் தோட்டம், எந்த டிரான்ஸ்ஃபார்மர், ஒரு பேஸில் (மூன்று மின் கம்பிகளில் ஒன்றில்) கரண்ட் இல்லையா மூன்றிலுமே இல்லையா, பக்கத்துத் தோட்டத்தில் ஓடுகிறதா என்று அம்மா கேட்பார். கிடைக்கும் பதிலை வைத்தே கோளாறு வீட்டு ஃபியூஸிலா, டிரான்ஸ்ஃபார்மரிலா, 11 கே.வி. உயர் அழுத்த லைனிலா என்று ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிடுவார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர், எங்கள் பழைய பள்ளி நோட்டின் பின்பக்கங்களில் புகார்களை வரிசையாக எழுதி வைத்திருப்பார். அப்பா வந்ததும் எதை முதலில் பார்ப்பது என்று இருவரும் பேசி முடிவு செய்வார்கள். மாட்டுக்குத் தண்ணீர் இல்லாத வீடு முதலில், கல்யாண வீடு அடுத்தது, மற்றவை பிறகு. அம்மாவுக்கு யாரும் சம்பளம் தரவில்லை. அதை வேலை என்று அவரே நினைத்ததுமில்லை. ஒவ்வொரு பிரிவு அலுவலக எல்லையிலும் இப்படிப் பல பெண்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களை வெறும் குடும்ப ஓய்வூதியர் என்று குறிப்பிட்டு முடித்துவிடுவது பெரிய அநீதி என்று நான் நினைக்கிறேன்.

ஆடிக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் தென்னை மட்டை லைனில் விழாத நாளே இருக்காது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் யாரும் அப்பாவோடு சேர்ந்து சாப்பிட்டதில்லை.

விவசாயிகளுக்கும் மின்சாரத்துக்கும் இடையே நடந்த போராட்டத்தின் மையமும் இந்தக் கொங்கு நாடுதான். 1970இல் மின் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரையே நிறுத்தினார்கள். பிறகு 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. இந்த வரலாற்றில் விவசாயிகள் இருக்கிறார்கள், அரசு இருக்கிறது. நடுவில் நின்ற ஒயர்மேனைக் காணோம். கட்டணப் பாக்கி வைத்த தோட்டத்துக்குப் போய் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி, இணைப்பைத் துண்டித்து வரும்படி மேலிருந்து உத்தரவு வரும். போக வேண்டிய தோட்டம் சித்தப்பாவுடையதாகவோ, கூடப் படித்தவருடையதாகவோ இருக்கும். ஒயர்மேன்களில் பெரும்பாலோர் கம்பத்தில் ஏறும் முன்பு வரப்பில் நடந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். சொந்த ஊரில் நல்லது கெட்டதுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து, யாரும் முகம் கொடுத்துப் பேசாமல் திரும்பி வந்த நாட்களை அப்பா எழுபது வயதுக்குப் பிறகுதான் எங்களிடம் சொன்னார். போராடிய விவசாயிகளின் பக்கம் நியாயம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை, அவருக்கும் இருந்ததில்லை. அந்த நியாயத்துக்கும் உத்தரவுக்கும் இடையில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கியவர்களின் சாட்சியம் எங்கும் பதிவாகவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இந்த வேலையின் ஆபத்தை வெளியில் இருப்பவர்கள் பொதுவாகத்தான் அறிவார்கள். லைனில் வேலை செய்பவர் சப்-ஸ்டேஷனில் எல்.சி. (லைன் கிளியர் என்ற வேலை அனுமதி) வாங்க வேண்டும். ஆபரேட்டர் அந்த பீடரை, அதாவது அங்கிருந்து புறப்படும் அந்த லைனை, நிறுத்திப் பூட்டி, பூமியோடு இணைத்து எர்த் செய்த பிறகு அனுமதி தருவார். கம்பத்தில் ஏறும் முன்பு லைனில் மின்சாரம் இல்லை என்று சோதித்து, வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த் ராடு மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் எல்.சி. வாங்கிய அதே ஆள்தான் அதைத் திருப்பித் தர வேண்டும். வேறு யார் சொன்னாலும் லைனை சார்ஜ் செய்யக் கூடாது, அதாவது மீண்டும் மின்சாரம் விடக் கூடாது. இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும், எர்த் ராடு மாட்டாமல் விட்ட வேளையில், எங்கோ ஒரு கட்டடத்தில் முறையாகப் பிரிக்காமல் ஓட்டிய ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் லைனுக்குத் திரும்பி, ரிட்டர்ன் சப்ளையாக வந்தால் கம்பத்தில் இருப்பவர் பிழைப்பது அரிது. மாலை ஆறு மணிக்கு வர வேண்டியவர் ஒன்பது மணிக்கும் வராவிட்டால் அந்த வீடுகளில் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்ல மாட்டார்கள். கம்பத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர்களையும், கையில் தீக்காயத் தழும்போடு பேரப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர்களையும் எந்த ஓய்வூதியர் கூட்டத்திலும் பார்க்கலாம். அந்தத் தழும்பு எந்த ஆண்டு, எந்த லைனில் ஏற்பட்டது என்பதும் இந்த நாட்டின் வரலாறுதான்.

2012ஐ ஒட்டிய கடும் மின்வெட்டு ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் விசைத்தறியும் பனியன் கம்பெனியும் லேத் பட்டறையும் நின்றபோது, மக்களின் கோபம் முழுவதும் பிரிவு அலுவலக வாசலில்தான் வந்து இறங்கியது. கொள்கை வகுத்தவர்கள் யாரும் அங்கே நிற்கவில்லை. அப்போது பணியில் இருந்து பின்னர் ஓய்வு பெற்றவர்கள் அந்த நாட்களைப் பற்றிப் பேசவே விரும்புவதில்லை. வற்புறுத்தாமல், ஆனால் விடாமல், கேட்டு எழுத வேண்டிய பகுதி அது.

இன்னும் ஒரு கூட்டத்தார் ஓய்வு பெற்றோர் பட்டியலிலேயே வர மாட்டார்கள். வெயிலில் குழி பறித்து, கம்பத்தைத் தோளில் சுமந்து வரப்பைத் தாண்டிய ஒப்பந்தத் தொழிலாளர்களில் சிலருக்குப் பின்னர் நிரந்தர வேலை கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. ஓய்வூதியம் இல்லாததால் அவர்கள் மறைந்தால் வாட்ஸ்அப் குழுவில் செய்தியும் வராது. 2003 ஏப்ரல் முதல் நிரந்தரமாகச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதிய முறையும் இல்லை. ஆகவே யாரை நினைவுகூர வேண்டும் என்பதற்கு ஓய்வூதிய ஆணையை அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

ஓய்வூதியர் சங்கக் கிளைகளின் மாதக் கூட்டங்களில் அகவிலைப்படி, மருத்துவக் காப்பீடு, நிலுவை என்று பேசத் தேவையான விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றோடு அரை மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவரைப் பேசச் சொல்லிப் பதிவு செய்யலாம். பதவி உயர்வு வரிசையைக் கேட்க வேண்டாம். முதலில் ஏறிய கம்பம் எங்கே, கூட வேலை செய்த ஒப்பந்த ஆட்கள் யார் யார், வீட்டுக்கு வந்த புகார்களை யார் வாங்கினார்கள், பிள்ளைகள் எங்கே தங்கிப் படித்தார்கள் என்று கேட்டால் போதும், மற்றவை தானாக வரும். மனைவி உடன் இருந்தால் அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பது நல்லது. கணவர் பக்கத்தில் இருந்தால் அவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறார். ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை உறுதி செய்யும் ஆண்டு நேர்காணலுக்காகப் பலர் அலுவலகத்துக்கு வரும் நாட்களையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

குந்தா கட்டியபோது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இன்று எண்பதுக்கு மேல் ஆகியிருக்கும். தொடங்க வேண்டியது அவர்களிடமிருந்துதான், அதுவும் இந்த மாதமே. மேட்டுப்பாளையம், கோபி, பெருந்துறை, திருப்பூர், உடுமலை வட்டாரங்களில் அப்படி யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வந்து கேட்டு எழுதித் தருகிறேன். எழுதியதன் ஒரு பிரதியை அந்தக் குடும்பத்திடமும் இன்னொன்றைச் சங்கக் கிளையிடமும் கொடுத்துவிடுவேன். என் அம்மாவிடம் கேட்டு எழுதிய பக்கங்கள் ஏற்கனவே தயாராக இருக்கின்றன. எப்படிக் கேட்பது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு அவற்றை அனுப்புகிறேன்.